தண்ணீரில் போகும் உயிர்கள்: ஆண்கள் ஒவ்வொருவராக... பெண்கள் கூட்டமாக!

காரிமங்கலம்,

ஏரி நிரம்பி, கிணத்துல தண்ணி ஏறினால் விவசாயிகளுக்கு சந்தோஷம்தான். ஆனால் அதோடு சாவு செய்தியும் சேர்ந்தே வருவதுதான் வேதனை. காரிமங்கலம், பாலக்கோடு சுற்றுவட்டாரத்தில் விவசாய கிணறுகளும் ஏரிகளும் நிறைய உள்ளன. தும்பலஅள்ளி அணையும் இங்குதான் இருக்கிறது. "குளிக்க சென்ற வாலிபர் பலி" என்ற செய்தி நமக்கு பழகிப்போய்விட்டது.

ஆண்களே அதிகம்

தேசிய குற்ற ஆவண காப்பக கணக்குப்படி 2022-ம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறந்துள்ளனர். இதில் 4-ல் 3 பங்குக்கு மேல் ஆண்கள். உலக அளவிலும் பெண்களை விட ஆண்கள் 2 மடங்கு இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

காரணம் என்ன? கிணற்றில் மோட்டார் இறக்குவது, ஏரியில் மீன் பிடிப்பது, மாடு கழுவுவது எல்லாம் பெரும்பாலும் ஆண்கள் வேலை. "எனக்கு நீச்சல் தெரியும்ல" என்ற தைரியம் ஒருபக்கம். குடித்துவிட்டு தண்ணீரில் இறங்குவது இன்னொரு பக்கம். மண் அள்ளிய பள்ளத்தில் கால் வைத்தால் நீச்சல் தெரிந்தவனும் தடுமாறுவான்.

பெண்கள் கதை வேறு

பெண்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் ஒரே நேரத்தில் 4, 5 என்று போகிறார்கள்.

2019 அக்டோபரில் ஊத்தங்கரை பாம்பாறு அணையில் செல்பி எடுத்தபோது புதுப்பெண் உள்பட ஒரே குடும்பத்தில் 4 பேர் பலியானார்கள். 2022 ஜூன் 5-ந்தேதி கடலூர் மாவட்டம் குச்சிப்பாளையத்தில் கெடிலம் ஆற்று தடுப்பணையில் குளித்த சிறுமிகள், இளம்பெண்கள் 7 பேர் மூழ்கினர். 2023 பிப்ரவரியில் கரூர் மாயனூர் காவிரியில் கால்பந்து போட்டிக்கு வந்த மாணவிகள் 4 பேர் பலி.

ஒருத்தி வழுக்கி விழுவாள். அக்கா, தங்கச்சி, தோழி என்று கையை பிடித்து இழுக்க அடுத்தடுத்து இறங்குவார்கள். யாருக்கும் நீச்சல் தெரியாது. நனைந்த சேலையும் சுடிதாரும் காலை சுற்றிக்கொள்ளும். பாசம்தான் எமனாகிறது. பையனை கிணத்துல தள்ளி நீச்சல் பழக்கும் அப்பாக்கள், பொண்ணுக்கு மட்டும் "தண்ணிகிட்ட போகாத" என்று சொல்வதோடு சரி.

கிணற்றில் பெண் பிணம் என்றால் தவறி விழுந்தாரா, தற்கொலையா என்ற கேள்வியும் எழும். திருமணமாகி 7 ஆண்டுக்குள் என்றால் கோட்டாட்சியர் விசாரணையும் நடக்கும்.

என்ன செய்யலாம்?

நீச்சல் தெரியாதவர் காப்பாற்ற குதிக்கவே கூடாது. சேலை, துப்பட்டா, கயிறு, நீளமான குச்சி எது கிடைத்தாலும் கரையில் இருந்து நீட்டுங்கள். மூடிய காலி குடம், பிளாஸ்டிக் கேன் எறிந்தாலும் பிடித்து மிதக்கலாம். சத்தம் போட்டு ஆள் கூப்பிடுங்கள்.

வெளியே தூக்கியவரை தலைகீழாக சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். மூச்சு இல்லாவிட்டால் வாயில் காற்று ஊதி, நெஞ்சை அழுத்துங்கள். உடனே 108-க்கு போன் போடுங்கள்.

சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகளுக்கு சுவர், ஏரிக்கரையில் ஒரு கயிறும் பழைய லாரி டியூப்பும், பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி. அடுத்த கிராமசபையில் இந்த மூன்றையும் கேளுங்கள். ஒரு கயிறு விலை சில நூறு ரூபாய்தான். அது இல்லாததால் போவது ஒரு குடும்பமே!