காப்பீட்டு அட்டையில் முட்டையும் பாலும் வருமா?

''என் கணவருக்கு 52 வயது. இரண்டு மாதமாக விடாத இருமல். எடை 41 கிலோவுக்கு இறங்கிவிட்டது. பரிசோதனையில் டி.பி. என்று சொல்லி, அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கிறார்கள். முட்டை, பால், பயறு நிறைய சாப்பிடச் சொல்கிறார்கள். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி, இரண்டு கறவை மாடு. பால் சொசைட்டியில் வரும் பணத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதில் சத்தான சாப்பாட்டுக்குப் பணம் கிடைக்குமா?''

- வந்தவாசி வட்டத்திலிருந்து ஒரு வாசகி

கிடைக்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018-ல் இருந்து மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்து நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. ஆனால், அந்தப் பணம் மருத்துவமனைக்குத்தான் போகும், குடும்பத்தின் கைக்கு வராது. படுக்கையில் சேர்ந்திருக்கும் நாட்களில் நோயாளிக்குத் தரும் உணவு, சிகிச்சைக் கட்டணத்திலேயே அடங்கும். வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிடும் முட்டைக்கும் பாலுக்கும் அந்த அட்டையில் இடமில்லை. காசநோய் மாத்திரை, சளிப் பரிசோதனை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம் என்பதால், அதற்கும் அட்டை தேவைப்படாது.

அதற்காக வாசகியின் குடும்பத்துக்கு வழியே இல்லை என்று அர்த்தமில்லை. இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் கதவு வேறு.

முதலாவது, 'நிக்ஷய் போஷண் யோஜனா'. காசநோயாளியின் உணவுக்காகவே 2018 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. முதலில் மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. மாதாமாதம் வராது. நோய் உறுதியானதும் 3,000 ரூபாய், 84 நாள் சிகிச்சை முடிந்ததும் 3,000 ரூபாய் என இரண்டு தவணையாக நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வரும். வருமான வரம்பு கிடையாது. தனியார் மருத்துவரிடம் சிகிச்சை எடுப்பவருக்கும் உண்டு. அந்த மருத்துவர் நோயாளியின் பெயரை அரசின் 'நிக்ஷய்' பதிவில் ஏற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் கணக்குதான் காரணம். ஆதார் இணைக்காத கணக்கு, பல வருடமாக வரவு செலவு இல்லாமல் முடங்கிப்போன கணக்கு, ஆதாரில் ஒரு பெயரும் பாஸ்புக்கில் வேறு பெயரும் இருப்பது ஆகியவற்றை முதலில் சரிபார்க்க வேண்டும். மாத்திரை வாங்கும் இடத்திலேயே நிக்ஷய் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, வங்கிப் புத்தகத்தின் நகலைக் காசநோய்ப் பிரிவுப் பணியாளரிடம் கொடுக்கலாம். பணம் வரவில்லை என்றால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் அந்த நிக்ஷய் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்.

இரண்டாவது, விவசாயிகளில் பலருக்குத் தெரியாதது. 2011-ல் வந்த முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம். நஞ்சை என்றால் இரண்டரை ஏக்கர், புஞ்சை என்றால் ஐந்து ஏக்கர் வரை சொந்தமாகப் பயிர் செய்பவர்களும் விவசாயத் தொழிலாளர்களும் இதில் உறுப்பினராகலாம். கல்வி உதவி, திருமண உதவி, விபத்து நிவாரணம் ஆகியவற்றுக்கு இந்த அட்டை பயன்படுவது ஊரில் எல்லோருக்கும் தெரியும். காசநோய், புற்றுநோய், சிறுநீரகப் பாதிப்பு போன்ற நோய்களால் தற்காலிகமாக உழைக்க முடியாமல் போகும் உறுப்பினருக்கு, நோய்க் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரவும் இதில் இடமிருக்கிறது. உறுப்பினர் அட்டை, மருத்துவரின் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துவிட்டு, வட்ட அலுவலகத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தாரிடம் மனு கொடுக்க வேண்டும். வாசகியின் நிலம் ஒன்றரை ஏக்கர் மானாவாரி என்பதால் நில வரம்பு தடையாக இருக்காது.

மாதம் 1,000 ரூபாய் என்றால் நாளுக்கு 33 ரூபாய். இதில் என்ன ஆகும் என்று தோன்றலாம். ஜார்கண்ட் மாநிலத்தின் 4 மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. 2,800 நோயாளிகளுக்கு அரிசி, கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய் என்று மாதாமாதம் கொடுத்தார்கள். நாளுக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம் என்பது கணக்கு. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவிகிதம் எடை கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவிகிதம் குறைவாக இருந்தது. சில ஊர்களில் நோயாளியின் வீட்டாருக்கும் தானியமும் பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது. மாத்திரை கிருமியைக் கொல்லும். உடம்பு அந்த மாத்திரையைத் தாங்கி எழுந்து நிற்பதற்குச் சாப்பாடு வேண்டும்.

அந்த 52 கிராம் புரதம் மாடும் கோழியும் உள்ள வீட்டில் எட்டாத ஒன்றல்ல. அரை லிட்டர் பாலில் சுமார் 16 கிராம், 2 முட்டையில் 12, 50 கிராம் வேர்க்கடலையில் 12, 50 கிராம் பச்சைப்பயறில் 12. கூட்டினால் 52. வழக்கமாகச் சாப்பிடும் சோறு, களி, குழம்புக்கு மேல் இது இருக்க வேண்டும். கறந்த பால் முழுவதையும் சொசைட்டிக்கு ஊற்றாமல், ஆறு மாதத்துக்கு மட்டும் நாளுக்கு அரை லிட்டர் வீட்டில் நிறுத்தினால், அந்த இழப்பை ஈடுகட்டத்தான் மேலே சொன்ன பணம். பாலைப் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். மாட்டுக்கும் காசநோய் வரும், பச்சைப் பாலில் அந்தக் கிருமி மனிதருக்கும் வரக்கூடும்.

இன்னும் சில விஷயங்கள். மாதம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும். மாத்திரையின் அளவே எடையை வைத்துத்தான் முடிவாகிறது. சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வீட்டில் உள்ள அனைவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பிடிக்காமல் எழுந்து நிற்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனையில் சேர்த்துவிட வேண்டும். இப்படிப்பட்டவர்களை முதலிலேயே கண்டறிந்து படுக்கையில் சேர்ப்பதற்காகவே 2022 முதல் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நடக்கிறது. இரண்டு மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, வயலுக்குப் போகும் தெம்பு வந்துவிடும். அப்போது மாத்திரையை நிறுத்துவதுதான் மிகப் பெரிய தவறு.

''மருமகள் மூன்று மாத கர்ப்பம். பிரசவத்துக்குக் காப்பீட்டு அட்டையில் சத்துப் பொருட்கள் தருவார்களா?''

- உளுந்தூர்பேட்டை பகுதியிலிருந்து ஒரு வாசகர்

இதுவும் காப்பீட்டில் வராது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில்தான் வரும். மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 ரூபாய் தவணைகளாகப் பணம், 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். சத்துமாவு, பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து மருந்து ஆகியவை அதில் இருக்கும். 19 வயது நிறைந்த ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது முக்கியம். மூன்று மாதம் ஆகிவிட்டது என்பதால், இதைப் படித்த அன்றே துணை சுகாதார நிலையத்துக்குப் போய்விடுவது நல்லது. அங்கன்வாடியில் தரும் இணை உணவு தனி, அதையும் கேட்டு வாங்கலாம்.

''அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டிலேயே நோயாளிகளுக்குக் காய்கறி வாங்கித் தருகிறார்களாமே? இங்கே அப்படி வந்தால் எங்களைப் போன்ற கீரை, காய்கறி விவசாயிகளிடம் வாங்குவார்களா?''

- ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஓர் இளம் விவசாயி

அங்கே எல்லா மாநிலத்திலும் இல்லை. வடக்கு கரோலினா மாநிலத்தில், ஏழைகளுக்கான 'மெடிக்கெய்ட்' என்ற அரசுக் காப்பீட்டுப் பணத்திலிருந்தே 2022 மார்ச் முதல் காய்கறி, பழப் பெட்டிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளூர்ப் பண்ணைகளில் இருந்தும் வாங்கினார்கள். பயனாளிகளுக்கான மருத்துவச் செலவு குறைந்ததாக ஆய்வும் சொன்னது. ஆனாலும், மாநில சட்டமன்றம் நிதி ஒதுக்காததால் 2025 ஜூலையில் அது நின்றுபோனது. அதை நம்பி விதைத்திருந்த சிறு விவசாயிகளுக்கும் அது இழப்புதான்.

இங்கே காப்பீட்டில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. ஆனால், 2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிக்ஷய் மித்ரா' திட்டத்தில் தனிநபரோ, நிறுவனமோ, கூட்டுறவுச் சங்கமோ பதிவு செய்துகொண்டு, சம்மதம் தெரிவித்த காசநோயாளிகளுக்குக் குறைந்தது ஆறு மாதம் உணவுப் பொருள் கொடுக்கலாம். இது வியாபாரம் அல்ல, உதவி. ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தன் வட்டாரத்தில் உள்ள பத்து நோயாளிகளுக்கு மாதம் இரண்டு கிலோ வேர்க்கடலையும் இரண்டு கிலோ பயறும் கொடுப்பது பெரிய சுமை ஆகாது. மாவட்டக் காசநோய் மையத்தில் விசாரித்துப் பதிவு செய்யலாம். முதல் கேள்வி கேட்ட வாசகியின் வீட்டைப் போன்ற வீடுகளில், அந்த நான்கு கிலோவும் கறந்த பாலில் கொஞ்சம் வீட்டிலேயே தங்குவதற்கு வழி செய்யும்.