நம்மாளா என்று கேட்கும் முன்

நம் பக்கத்துக்குப் புதிய கல்வி அதிகாரி ஒருவர் வருகிறார் என்றால், அவர் பெட்டி படுக்கையை இறக்கி வைப்பதற்குள் நம்மவர்கள் கேட்டு முடித்துவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. "நம்மாளா?" தமிழ் தெரிந்தவர் என்று கேள்விப்பட்டால் மாலையும் சால்வையும் உடனே தயாராகிவிடும். ஐந்தாறு பேர் போய் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். தமிழ் தெரியாதவர் என்றால், "இவர் இருக்கிற வரைக்கும் ஒன்றும் நடக்காது" என்று தீர்ப்பு எழுதிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சில ஆண்டுகளில் அவருக்கு மாற்றல் வரும். அடுத்தவர் வருவார். மறுபடியும் அதே கேள்வி. இரண்டு வகையிலும் அந்த அதிகாரியின் மேசைமேல் நம் பிள்ளைகளைப் பற்றி ஒரு தாள்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது. இதைத்தான் இந்த இதழில் கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் கௌதள்ளி. ஹனூரைத் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. மலைக்குப் போய்வரும் வாசகர்கள் தேநீர் குடிக்க அங்கே இறங்கியிருக்கலாம். மைசூரில் குடியிருக்கும் நம்மில் பலர் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பைத் தேடி வந்தவர்கள். அந்தப் பக்கத்துத் தமிழர்களின் கதை வேறு. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799க்குப் பிறகு கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 1 முதல் மைசூர் மாநிலம், மைசூர் மாவட்டம் என்று ஆனது. 1997இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்தபோது சாமராஜநகர் மாவட்டம். பிறகு ஹனூரே தனி வட்டமாகிவிட்டது. ஊர் ஓரடிகூட நகரவில்லை. தபால் முகவரிதான் ஓயாமல் மாறியிருக்கிறது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். கொள்ளேகால் வட்டத்தில் பெரும்பான்மை மொழி கன்னடம்தான். ஆகவே 1956இல் அது மைசூரோடு சேர்ந்ததில் அநியாயம் எதுவும் இல்லை. அதற்கு முன்னால், மதராஸ் மாநிலத்தின் கணக்கில், அங்கே சிறுபான்மை மொழி பேசியவர்கள் கன்னடக்காரர்கள். பிறகு அந்த இடம் நமக்கு வந்தது.

ஒரு கல்வி அதிகாரியின் நியமனத்தைப் பற்றி ஊர் பேசிய கதை ஒன்று இந்த மண்ணுக்கும் சொந்தம். 1954இல் காமராசர் முதலமைச்சரானார். அந்த ஆண்டிலேயே நெ.து. சுந்தரவடிவேலு மதராஸ் மாநிலத்தின் பொதுக்கல்வி இயக்குநராக நியமிக்கப்பட்டார். 'டி.பி.ஐ.' என்று மூன்றெழுத்தில் சொல்வார்களே, அந்தப் பதவி. அன்றைக்கு கௌதள்ளிப் பள்ளிக்கூடமும் அவருடைய அதிகார எல்லைக்குள்தான் இருந்தது. அவருக்கு வயது நாற்பதை ஒட்டி. காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்துக் கிராமத்துக்காரர். பெரியாரின் சுயமரியாதைக் கொள்கையில் பிடிப்புள்ளவர் என்பது ஊரறிந்த செய்தி. காங்கிரஸ் அரசில் இப்படிப்பட்டவருக்கு இந்தப் பதவியா என்று வியந்தவர்களும் உண்டு, முணுமுணுத்தவர்களும் உண்டு. முந்தைய ஆண்டுதான் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் மாநிலத்தையே இரண்டாகப் பிரித்திருந்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. ஆகவே புதிய இயக்குநர் யார், எந்தப் பக்கத்து ஆள் என்ற பேச்சு சூடாக இருந்ததில் வியப்பில்லை.

அவர் யார் என்ற அந்தப் பேச்சு இன்று யாருக்கு நினைவிருக்கிறது? நினைவில் நிற்பது அவர் செய்தது. பள்ளி இல்லாத கிராமங்களைக் கணக்கெடுத்துப் பள்ளிகளைத் திறக்க வைத்தார். ஊர்மக்களின் கையிலிருந்தே அரிசியும் பருப்பும் வாங்கிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடும் ஏற்பாட்டை 1956 முதல் மாநிலம் முழுவதும் பரவச் செய்தார். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மேசை, நாற்காலி, கடிகாரம், வரைபடம் என்று அந்தந்த ஊர்க்காரர்களே தங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரசாங்கத்தில் பணம் இல்லை என்று கைவிரித்து உட்காராமல், ஊரை உள்ளே இழுத்துவிட்டார் அந்த மனிதர். ஊரும் போனது. அதிகாரி பாதி, ஊர் பாதி என்று நடந்த காரியம் அது.

அந்த மதிய உணவு மதராஸ் மாநிலத்தில் பரவிக்கொண்டிருந்த அதே 1956இல்தான் கொள்ளேகால் வட்டம் கைமாறியது. பிறகு கர்நாடகத்தில் 'அக்ஷர தாசோஹ' என்ற பெயரில் அரசு சமைத்துப்போடும் சோறு முதலில் வடக்கு மாவட்டங்களில் தொடங்கி நம் தென் மாவட்டப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தது 2003இல். அதுவும் 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் கட்டளை போட்ட பிறகு. ஒரு கோடு மாறியதில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்கு வந்த வித்தியாசம் இது. எனக்கு இதில் யார்மேலும் கோபம் இல்லை. ஆனால் அதிகாரி யார், அவர் எந்த ஊர் விதிக்குக் கட்டுப்பட்டவர் என்பது பிள்ளையின் தட்டுவரைக்கும் வருகிற விஷயம். ஆகவே நியமனத்தைப் பற்றி நாம் பேசுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. எதைப் பேசுகிறோம் என்பதுதான் என் கேள்வி.

இப்போது நம் உரிமைக்கு வருவோம். 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு விதி வகுத்தார்கள். ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகள், அல்லது பள்ளி முழுவதிலும் நாற்பது பிள்ளைகள் ஒரு சிறுபான்மை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தால், தொடக்கக் கல்வியை அந்த மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையாவது போடவேண்டும் என்பது அது. 1956இல் மாநிலங்களை மொழிவழியாகப் பிரித்தபோது அரசியல் சட்டத்தில் 350ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் ஊராட்சி, நகராட்சி போன்ற அமைப்புகளும் முயல வேண்டும் என்கிறது அது. கௌதள்ளி போல எல்லைக்கோடு தாண்டிப்போன ஊர்களை நினைத்தே எழுதினாற்போன்ற பிரிவு. 'முயல வேண்டும்' என்ற சொல் இருக்கிறதே, அதுதான் ஓட்டை. முயன்றோம், முடியவில்லை என்று சொல்ல எந்த அரசுக்கும் இடம் உண்டு. கேட்கிறவர்களே இல்லை என்று சொல்ல மட்டும் நாம் இடம் கொடுக்கக்கூடாது.

நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நம்மவர்களில் எத்தனை பேர் தமிழ் என்று எழுதுகிறார்கள்? அக்கா வீட்டு மாமாவிடம் ஒருமுறை கேட்டேன். "எதுக்குங்க மாப்ளே வம்பு? கன்னடம்னே போட்டுட்டேன். நாளைக்குப் பையனுக்கு வேலைன்னு வந்தா நல்லதுதானே" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது மைசூரிலும் பெங்களூரிலும் வீட்டுக்குள் குரலைத் தாழ்த்திப் பேசியவர்கள் நாம். கௌதள்ளிப் பக்கம் அதற்கு மேலும் ஒரு பாரம் உண்டு. 1992இல் ராமாபுரம் போலீஸ் நிலையத் தாக்குதல், 1993இல் பாலாறு கண்ணிவெடி என்று வீரப்பன் காலத்தில் காட்டோரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பட்ட பாட்டை அனுபவித்தவர்களே அறிவார்கள். தமிழன் என்று எழுத்தில் கொடுக்கத் தயங்கிய கை அது. பயத்துக்குக் காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீரப்பன் 2004இலேயே போய்ச்சேர்ந்துவிட்டான். கட்டத்தில் இன்னும் கன்னடம் என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கட்டத்தில் எழுதுவது வெறும் அலங்காரம் அல்ல. வட்டாரக் கல்வி அதிகாரி, அதாவது நாம் பி.இ.ஓ. என்று சொல்கிறவர், தானாக ஓர் ஆசிரியர் பணியிடத்தை உண்டாக்க முடியாது. அவர் செய்யக்கூடியது கணக்கெடுத்து, மாவட்டத் துணை இயக்குநர் வழியாக மேலே எழுதுவது. கணக்கில் தமிழ்ப் பிள்ளைகள் பூஜ்யம் என்றிருந்தால், அவர் திருநெல்வேலியில் பிறந்தவராகவே இருந்தாலும் எதை வைத்து எழுதுவார்? முப்பது பேர் என்று இருந்தால், பீதரில் பிறந்த அதிகாரியும் அதைத் தாண்டிப்போக முடியாது. குறைந்தது ஒரு பதிலாவது எழுதியாக வேண்டும். சொல்லப்போனால், நம் மொழிக்காரர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவருக்குத்தான் சங்கடம் அதிகம். நியாயமாக ஒன்றைச் செய்தாலும் 'தன் ஆட்களுக்குச் செய்கிறார்' என்ற பேச்சு வரும் என்று அஞ்சி, கையெழுத்துப் போடத் தயங்குவார். நாம் போட்ட சால்வை அந்தத் தயக்கத்தை இன்னும் கூட்டும்.

"தமிழில் படித்து என்ன ஆகப்போகிறது, இங்கிலீஷ் மீடியம் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் பயிற்று மொழியைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கலாம், அரசு திணிக்கக்கூடாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அந்த உரிமையில் நான் குறுக்கே நிற்கவில்லை. பாடம் எல்லாம் தமிழில்தான் நடக்கவேண்டும் என்றும் நான் வாதாடவில்லை. கன்னடம் கட்டாயம் வேண்டும். 2015இல் கர்நாடகம் கொண்டுவந்த கன்னட மொழி கற்றல் சட்டத்தை நம்மில் சிலர் கடிந்து பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மண்ணில் சோறு தின்கிற பிள்ளை இந்த மண்ணின் மொழியை எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டாமா? தமிழ்நாடும் 2006இல் இதே போலச் சட்டம் போட்டிருக்கிறது. ஈரோடு மாவட்டம் தாளவாடியில் கன்னடம் பேசும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குக் கன்னடமும் வேண்டும் என்று கேட்கிறார்கள். கௌதள்ளியில் நாம் கேட்கவேண்டியதும் அதுதான். அங்கே அவர்கள் கேட்பதைச் சரி என்று நாம் சொல்லாவிட்டால், இங்கே நாம் கேட்பதற்கு வாய் ஏது?

நான் கேட்பது சிறியது. வாரத்தில் சில மணி நேரம், சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியர், பள்ளிக்குள்ளேயே தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அக்காவின் பேத்திக்குப் பதினோரு வயது. வாய் ஓயாமல் தமிழ் பேசுகிறாள். அவளுடைய பாட்டி பெட்டியில் வைத்திருக்கும் கடிதங்களில் ஓர் எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. கௌதள்ளி மட்டும் ஏன்? இந்த இதழ் வருகிற வீடுகளில் அதை எடுத்துப் படிப்பவர்களின் வயதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஐம்பதுக்குக் கீழே ஒருவரும் இல்லை.

ஒரு சிலைக்காக நாம் எத்தனை ஆண்டு விடாமல் பேசினோம் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். பெங்களூர் அல்சூரில் 1991இல் வைத்த திருவள்ளுவர் சிலை மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. அந்தப் பதினெட்டு ஆண்டும் நாம் ஓயவில்லை. மகிழ்ச்சிதான், நானும் திறப்பன்று இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அந்த விடாப்பிடியில் பாதியை ஓர் ஆசிரியருக்காகக் காட்டியிருக்கிறோமா?

கல்வியாண்டு தொடங்க இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. ஹனூர்ப் பக்கம் சொந்தபந்தம் உள்ள வாசகர்கள் ஊருக்குப் போகும்போது மூன்று வேலைகளைச் செய்யலாம். சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழிக் கட்டத்தைச் சரியாக நிரப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே கன்னடம் என்று எழுதியிருந்தால் திருத்தித் தரும்படி தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்கலாம். பள்ளி மேம்பாட்டுக் குழுவில், அதுதான் எஸ்.டி.எம்.சி.யில், பெற்றோர்தான் உறுப்பினர்கள்; அதில் நம் பெண்கள் நிற்கட்டும். பிறகு பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையெழுத்தோடு பத்து பேராவது சேர்ந்த ஒரு மனு. அதைக் கல்வி அதிகாரி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள். அதிகாரி யாராக இருந்தாலும் சரி, மனு கன்னடத்தில் இருக்கட்டும். எழுதித் தர ஆள் இல்லை என்றால் சங்கத்தில் சொல்லிவிடுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எழுதித் தருகிறேன்.