மொழி விளக்கம்: மஹ்மூதும் மஹ்மூதாவும்

கேள்வி: செவிலியர் படிப்பை முடித்த என் மகள், இத்தாலியில் பணிபுரியும் விருப்பத்தால் அந்நாட்டு மொழியைப் பயில்கிறாள். இறந்தகால எச்சத்தின் ஈறு அடிக்கடி மாறுவதால் மனம் சோர்ந்து, படிப்பையே விட்டுவிடப் போவதாகக் கூறுகிறாள். இதனை விளக்குவீர்களா?
- ஒரு சகோதரி, கள்ளிக்குப்பம், சென்னை.

பதில்: அன்புச் சகோதரியே! தங்கள் மகளுக்கு இவ்விலக்கணம் முற்றிலும் அந்நியமானதன்று.

தமிழில் 'வந்த மகன்', 'வந்த மகள்' என்போம், எச்சம் மாறுவதில்லை. மயக்கம் இங்கேதான் பிறக்கிறது. ஆனால் அரபியில் 'இஸ்மு மஃப்ஊல்' என்னும் செயப்பாட்டுப் பெயர் பாலுக்கேற்ப மாறும். 'ஹம்து' என்பதிலிருந்து பிறந்த மஹ்மூத், புகழப்பட்டவர், பெண்ணாயின் மஹ்மூதா. ஏற்றுக்கொள்ளப்பட்டவர் மக்பூல், பெண்ணாயின் மக்பூலா. நாம் அன்றாடம் வழங்கும் மகசூல், மாமூல் ஆகிய சொற்களும் இவ்வச்சில் வார்க்கப்பட்டவையே.

இத்தாலிய மொழியிலும் இவ்வாறே. வினைச்சொல்லின் முடிவு 'ஆரே' எனில் எச்சம் 'ஆதோ' என்றும், 'ஏரே' எனில் பெரும்பாலும் 'ஊதோ' என்றும், 'ஈரே' எனில் 'ஈதோ' என்றும் அமையும். எழுதப்பட்டது என்னும் 'ஸ்க்ரித்தோ' போன்ற விதிவிலக்குகளை மனனம் செய்யவே வேண்டும்.

அடுத்து, துணைவினையைக் கவனிக்க வேண்டும். உண்ணுதல், எழுதுதல் போன்றவற்றுக்கு 'அவேரே' துணையாகும். அப்போது எழுவாய் ஆணாயினும் பெண்ணாயினும் 'ஓ மஞ்ஜாதோ' (நான் உண்டேன்) என்பதே சரி. வருதல், போதல், விழுதல், பிறத்தல், இறத்தல் போன்றவற்றுக்கு 'எஸ்ஸெரே' துணையாகும். அங்கே ஈறு எழுவாயைப் பின்பற்றும். 'சோனோ அர்ரிவாதோ' என்பான் வந்து சேர்ந்த ஆண். பெண்ணோ 'அர்ரிவாதா' என்பாள். பன்மையில் ஆண்களுக்கு 'அர்ரிவாதி', பெண்களுக்கு 'அர்ரிவாதே'.

இது வெறும் நுணுக்கமன்று. மருத்துவமனையில் 'எ கதூதோ' என்றால் விழுந்தவர் ஆண். 'எ கதூதா' என்றால் பெண். நோயாளியின் நிலையை எடுத்துரைக்கும் செவிலியர்க்கு இவ்வோர் எழுத்தும் பொறுப்பேயாகும். நாள்தோறும் பத்து வினைகளை ஆண்பாலிலும் பெண்பாலிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகச் செய்யுங்கள்.

மன்ஸூர் என்றால் உதவப்பட்டவர் என்பது பொருள். உதவியவன் யார் என்பதை அச்சொல் கூறுவதில்லை. முஃமினான உள்ளம் அதனை அறியும். அவ்வுதவியை நாடி, முயற்சியைத் தளரவிடாதிருக்கட்டும் தங்கள் மகள். இன்ஷா அல்லாஹ், வெற்றி கிட்டும். வஸ்ஸலாம்.