தங்கம் நின்றது, ரயில் நிற்கவில்லை
மாரிக்குப்பம்–குப்பம் பாதை என்ன ஆயிற்று?

சிங்கப்பூரில் ஓட்டம் நின்றுபோன ரயில் பாதை ஒன்று நகரின் ஊடே போகிறது. தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரை 24 கிலோ மீட்டர். 2011-ம் ஆண்டு ஜூன் 30-ந்தேதி கடைசி ரயில் போயிற்று. தண்டவாளத்தில் பெரும் பகுதியைப் பெயர்த்துவிட்டு, ஜனங்கள் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் அந்த இடத்தை விட்டார்கள்.

கோலார் தங்கவயலில் கதை தலைகீழ். இங்கே ரயில் ஓடுகிறது. எந்தத் தொழிலுக்காக அது வந்ததோ, அந்தத் தொழில் நின்றுவிட்டது.

ஓடாத தண்டவாளம் இங்கும் உண்டு. அது ஊருக்கு அடியில் கிடக்கிறது. தங்கப் பாறையை ஏற்றிய தள்ளுவண்டிகள் ஓடிய பாதை அது. சாம்பியன் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் கீழே இறங்கியது. 2001 பிப்ரவரி 28-ந்தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. பம்புகள் நின்றன, தண்ணீர் ஏறியது.

மேலே உள்ள பாதையின் வயது வேறு. பவுரிங்பேட்டை என்று அப்போது அழைக்கப்பட்ட பங்காருபேட்டையில் இருந்து மாரிக்குப்பம் வரை சுமார் 16 கிலோ மீட்டர். 1894-ல் மைசூர் சமஸ்தானம் போட்டது. சென்னை ரயில்வே ஓட்டியது. கம்பெனிக்கு வேண்டிய சாமான் அதில் வந்தது. வடஆற்காட்டில் இருந்து பிழைப்பு தேடி வந்த நம் மக்களும் அதில் வந்தார்கள்.

விடியுமுன் புறப்பாடு

இன்று அதே ரயில் அவர்களின் பேரப்பிள்ளைகளை பெங்களூருக்கு ஏற்றிச் செல்கிறது. ஏறத்தாழ 100 கிலோ மீட்டர். இருட்டோடு கிளம்பி இருட்டோடு வீடு திரும்புகிறார்கள். ஊரில் வேலை போனபிறகும் பல குடும்பங்கள் லைன் வீடுகளைக் காலி செய்யாமல் இருக்க முடிந்தது என்றால், சீசன் டிக்கெட் அதற்கு ஒரு முக்கிய காரணம். சுரங்கத்தைத் திறப்போம் என்று தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிறவர்கள் இந்த ரயிலைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை!

குறை எங்கே? பாதை மாரிக்குப்பத்தோடு முட்டி நின்றுவிடுகிறது. அதை ஆந்திராவில் உள்ள குப்பம் வரை நீட்ட, சுமார் 24 கிலோ மீட்டர் புதிய பாதைக்கு 2011–12-ல் அனுமதி கிடைத்தது. பத்து ஆண்டுகள் கழிந்த பின்னும் அதில் ரயில் ஓடவில்லை.

குப்பம், சென்னை–பெங்களூர் பிரதான பாதையில் இருக்கிறது. அங்கே இணைந்தால் தங்கவயல் முட்டுச் சந்தாக இராது. சென்னை போகும் ரயிலையே இந்த வழியாகத் திருப்பலாம். சரக்கு வண்டி வந்து போகும் ஊருக்குத் தொழிற்சாலை கேட்பதும் சுலபம்.

அந்தப் பாதை இல்லாததால், குடியாத்தத்தில் ஒரு கல்யாணம் என்றால் மாரிக்குப்பத்துக்காரர் முதலில் எதிர்த் திசையில் பங்காருபேட்டைக்குப் போக வேண்டும். மூட்டை முடிச்சோடு அங்கே இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருக்க வேண்டும்.