முடியைப் பிடுங்கிப் பார்க்கிற காலம்



பிள்ளைகள் போனில் 'பாராசைட்' பார்க்கிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்று கொட்டகலையில் பெற்றோர் சிலர் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்தான், இரத்தம் அதிகம். ஆனால் ஓ.எல். பிள்ளைகளோடு அதைப் பற்றிப் பேசலாம் என்பது எங்கள் கருத்து.

ஹிதோஷி இவாகி வரைந்த ஜப்பானிய மங்கா இது. 2024இல் இதை வைத்து நெட்ஃபிளிக்ஸில் கொரியத் தொடரும் வந்தது. மனிதத் தலைக்குள் புகுந்து, அந்த மனிதரின் முகத்தோடேயே உலாவும் ஒட்டுண்ணிகளின் கதை. பிடுங்கிய முடி நெளிந்தால் அவர் மனிதரல்ல. அது தெரிந்ததும் ஆளுக்காள் முடியைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள்.

அந்தச் சந்தேகம் நமக்குப் புதிதல்ல. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 2020இல் கொரோனாவைப் பரப்புகிறவர்கள் என்று முஸ்லிம்களைக் கைகாட்டினார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2021 பெப்ரவரி வரை நம் ஜனாஸாக்களை எரித்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிக்கச் சொன்னால், "ஏன்?" என்று கேட்கப் பிள்ளைகள் பழக வேண்டும். அதைப் பேச இந்தக் கதை நல்ல சாட்டு. போனைப் பறிக்க முன்னர், அவர்களோடு உட்கார்ந்து ஒரு பகுதியாவது பாருங்கள்.