ஒரு டாலர் பொய்

போன வருஷம் செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் அக்கா வீட்டில் ஒரு மாசம் இருந்தேன். ஒரு கல்யாண ரிசப்ஷனில் யாரோ ஒரு மாமி, "பையன் என்ன பண்றான்?" என்று விசாரிக்க, அக்கா கண் இமைக்காமல், "யுனிவர்சிட்டியில படிக்கிறான்" என்றாள். பக்கத்தில் கேசரியும் கையுமாக நின்றிருந்த பையன் என்னைப் பார்த்தான். நான் கேசரியைப் பார்த்தேன்.

பையன் படிப்பது கம்யூனிட்டி காலேஜில். அதுவும் சைக்காலஜி. இரண்டில் எது பெரிய அவமானம் என்று அக்கா இன்னும் தீர்மானிக்கவில்லை.

நம்ம ஊரில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேராக இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷத்தில் சேருகிறார்களே, ஏறக்குறைய அந்த மாதிரி சமாசாரம்தான். 1901-ல் இல்லினாய்ஸில் ஜோலியெட் என்ற ஊரில், ஹைஸ்கூல் கட்டடத்திலேயே ஆறு பேரை வைத்துக்கொண்டு ஆரம்பித்தது. கலிஃபோர்னியா 1960-ல் இதற்கு மாஸ்டர் பிளானே போட்டது. முதல் இரண்டு வருஷம் இங்கே, மிச்சத்தை யுனிவர்சிட்டியில். பட்டத்தில் இருக்கப் போவது யுனிவர்சிட்டி பெயர்தான். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு யூனிட் 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760. யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவில் ஒரு வருஷத்துக்கே பதினாலாயிரத்துக்கு மேல்.

நடிகர் டாம் ஹாங்க்ஸ் ஷபோ காலேஜ் என்ற கம்யூனிட்டி காலேஜில் படித்தவர். 1999-ல் விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் ஐலீன் காலின்ஸும் இந்த வழியில் போனவர்தான். அக்காவிடம் எடுத்துச் சொன்னேன். "அவங்களுக்கெல்லாம் என் நாத்தனார் மாதிரி நாத்தனார் இல்லடா" என்றாள்.

ஒரு நாள் சாயங்காலம் வாத்தியாரிடம் அனுமதி வாங்கி, வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் நர்ஸ் உடுப்போடு ஓர் அம்மாள், பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர், அடிக்கடி போனில் குழந்தையை விசாரிக்கும் ஒரு பெண். இப்படிச் சேருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர்தான் யுனிவர்சிட்டி வரை போய்ச் சேருகிறார்களாம். மற்றவர்களை வேலையும் வீடும் வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. சைக்காலஜிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு கண்டம் உண்டு: ஸ்டாட்டிஸ்டிக்ஸ். ஃப்ராய்டு, கனவு என்று ஆசையாகப் போனால் வாசலில் ஸ்டாண்டர்டு டீவியேஷன் நிற்கிறது. நம்ம பையன் முதல் தடவை பாதியில் ஓடி வந்துவிட்டான். இந்தத் தடவையும் விட்டால் ஒரு வருஷம் போச்சு. இது அக்காவுக்குத் தெரியாது.

அன்றைய பாடம், லியான் ஃபெஸ்டிங்கர் 1959-ல் வெளியிட்ட பரிசோதனை. மாணவர்களை ஒரு மணி நேரம் மரக்கட்டையைத் திருப்புவது போன்ற அசட்டு வேலை செய்யச் சொல்லிவிட்டு, அடுத்து வருகிறவரிடம் "பிரமாதமா இருந்தது" என்று பொய் சொல்லச் சொன்னார்கள். சிலருக்குக் கூலி 20 டாலர், சிலருக்கு ஒரே டாலர். பிறகு விசாரித்தால், வேலை சுவாரசியமாகத்தான் இருந்தது என்று அதிகம் சாதித்தது ஒரு டாலர்காரர்கள். இருபது டாலர்காரனுக்குப் பொய் சொல்லக் காரணம் பாக்கெட்டில் இருக்கிறது. மற்றவனுக்குத் தன் பொய்யைத் தானே நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

திரும்பும்போது காரில் பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. சிக்னலில் நிறுத்தினான்.

"அம்மாவுக்கு அந்த ஒரு டாலர்கூட யாரும் குடுக்கல மாமா."

சிரிக்கிறானா என்று பார்த்தேன். இல்லை.

இந்த ஏப்ரலில் அக்கா போன் பண்ணினாள். ஸ்டாட்டிஸ்டிக்ஸில் 'பி' வாங்கிவிட்டான் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. எடுத்தவுடனே கூவினாள்: "டேய், அவனுக்கு யுனிவர்சிட்டியில இடம் கிடைச்சிடுச்சுடா!"

பின்னாலிருந்து பையன் குரல்: "ஏம்மா, நான் ஏற்கெனவே அங்கதானே படிச்சிட்டிருக்கேன்?"