தலைவி கடவுள் என்றால் பரத்தை யார்?

திருக்கோவையாரின் தலைவி பெண்ணல்லள், சிவம். தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவிகள் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கும் விடை இது. உயிர் தலைவன், சிவம் தலைவி, திருவருள் தோழி என்று அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டால் வகுப்பு முடிந்தது. அதற்கு மேல் கேட்கிறவள் ரசனை கெட்டவள், அல்லது பக்தி கெட்டவள். இரண்டு பட்டங்களையும் வாங்கிக்கொண்டே கேட்போம்.

இந்த வித்தை தமிழுக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியின் தாந்தே ஒன்பது வயதில் பெயாத்ரிசைப் பார்த்தார். அவள் வேறொருவருக்கு மனைவியாகி 1290இல் இறந்தாள். ‘வீட்டா நுவோவா’வில் அவள் தன் விருப்பமாகச் செய்யும் பெரிய காரியம் ஒன்றுதான்: ஒருநாள் அவருக்கு வணக்கம் சொல்ல மறுக்கிறாள். கவிஞர் என்ன செய்கிறார்? இனி என் பேரின்பம் அவளைப் புகழும் என் சொற்களிலேயே இருக்கிறது என்று முடிவு செய்கிறார். அவள் சொன்ன ஒரே ‘இல்லை’, அவளே தேவையில்லை என்பதற்குக் காரணமாகிவிடுகிறது. பிறகு ‘தெய்வீக நாடக’த்தில் சொர்க்கத்தின் வழிகாட்டியாக உயர்கிறாள். அவருடைய பிள்ளைகளைப் பெற்ற மனைவி ஜெம்மாவுக்கோ அவர் எழுத்து எதிலும் ஒரு வரி இடமில்லை.

திருக்கோவையாருக்கு வருவோம். அது நம் மண்ணோடு தொடர்புடையது. குதிரை வாங்கக் கொடுத்த பாண்டியனின் பொன்னை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவிட்ட கதை நடக்கும் திருப்பெருந்துறை, புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில்தான். திருக்கோவையாரில் நானூறு பாடல்கள், இருபத்தைந்து கிளவிக்கொத்துகள். அவற்றில் ஒன்று மடல் திறம். தலைவி இணங்காவிட்டால் அவள் உருவத்தைத் துணியில் எழுதிக் கையில் ஏந்தி, பனைமடல் குதிரையேறித் தெருவில் வருவேன் என்று தலைவன் மிரட்டும் பகுதி. உரைகள் இதைக் காதலின் ஆழம் என்று வியக்கின்றன. பெண்ணின் படத்தை ஊரறியக் காட்டுவேன் என்று சொல்லி இணங்க வைப்பதற்கு இன்று என்ன பெயர்? கைபேசியில் தன் படத்தை வைத்துக்கொண்டு ஒருவன் மிரட்டுகிறான் என்று அழுதுகொண்டு நிற்கும் மாணவியிடம் இதைக் குறிஞ்சித்திணை என்று சொல்ல முடியுமா? தொல்காப்பியமோ பெண் மடலேறக் கூடாது என்று விதி வகுக்கிறது. ஆசையை அறிவிக்கும் உரிமையும் அவனுக்கே, அவளை அம்பலப்படுத்தும் உரிமையும் அவனுக்கே.

கடைசிக் கிளவிக்கொத்து பரத்தையிற் பிரிவு. நானூறு பாட்டில் வளர்த்த காதல் இங்கேதான் வந்து முடிகிறது: அவன் பரத்தையிடம் போகிறான், அவள் ஊடுகிறாள், பிறகு ஏற்றுக்கொள்கிறாள். தலைவி சிவம், தோழி திருவருள் என்றால் பரத்தை யார்? உயிரை மயக்கும் உலகம், மலம், மாயை என்றெல்லாம் தத்துவ விடை கிடைக்கும். அப்படியானால் குறியீட்டிலும் சாதியடுக்கு உண்டு: ஒரு பெண்ணைக் கடவுளாக்க இன்னொரு பெண் மாயையாக வேண்டும். புதுக்கோட்டையில் இது வெறும் உரைநயம் அல்ல. 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தாய் தேவதாசி மரபில் வந்தவர். அந்த மகள் மகாராஜா கல்லூரியில் சேர வந்தபோது எதிர்ப்பு எழுந்தது. கடவுளுக்கு மணமகள் என்று சொல்லப்பட்ட பெண்களின் பிள்ளைகள் தெருவில் கேட்ட வசை எது என்பதை நாம் அறிவோம்.

‘உடலைப் பார்க்காதே, உட்பொருளைப் பார்’ என்பார்கள். ஆவுடையார்கோயிலுக்கே போய்ப் பாருங்கள். மூலவர் இடத்தில் ஆவுடை மட்டும் உண்டு, லிங்கம் இல்லை. யோகாம்பாளுக்கும் சிலை இல்லை. பலகணி வழியே பீடத்தில் பாதங்களை வணங்கிவிட்டு வருகிறோம். பரம்பொருளுக்கு உருவம் தேவையில்லை என்பதை ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகக் காட்டத் தெரிந்த மரபு இது. அதே பரம்பொருள் கோவையில் காதலியாகும்போது மட்டும் இடையும் முலையும் அல்குலும் ஏன் பாட்டுக்குப் பாட்டு வருகின்றன? உருவமில்லாமல் வணங்க முடியும், உருவமில்லாமல் ஆசைப்பட முடியாது. அந்த ஆசையை ஆசை என்று ஒப்புக்கொண்டிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை.

ஆண் எழுதினால் முலை குறியீடு. 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்தபோது அது ஆபாசமானது. அடுத்த ஆண்டு சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி எல்லோர்மீதும் வசை விழுந்தது. சொல் ஒன்றுதான். அதைச் சொன்ன வாய்தான் வேறு.

பெண்ணின் வாய் அன்றும் இருந்தது. அகப்பாட்டில் காதலர் பெயர் சொல்லக் கூடாது என்பது இலக்கணம். ஆனாலும் ஔவையார் தன் அகப்பாட்டில், காதலனைத் தேடி அலைந்த வெள்ளிவீதியைப் பெயர் சொல்லியே நினைவுகூர்கிறார். பெயரோடு ஆசைப்பட்ட ஒருத்தி, அவளைச் சாட்சியாக அழைக்கும் இன்னொருத்தி. தாந்தேயின் ஃபிளாரன்சிலும் அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில் கொம்பியூத்தா தொன்செல்லா என்றொருத்தி எழுதினாள். அப்பா தன்னைக் கட்டாயமாக மணமுடிக்கப் பார்க்கிறார், எனக்கு வேண்டாம் என்றாள். எஞ்சியவை மூன்றே பாடல்கள். அவள் உண்மையில் இருந்தாளா என்றே ஐயப்பட்ட ஆய்வாளர்கள் உண்டு. பெயாத்ரிஸ் சொர்க்கத்தில் இருப்பதை நம்புவதற்குக் கஷ்டப்படாதவர்களுக்கு, ஒரு பெண் வீட்டில் உட்கார்ந்து எழுதினாள் என்பதை நம்பத்தான் அத்தனை கஷ்டம்.

திருக்கோவையாரைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்கச் சொல்லவில்லை. அதன் தமிழ் எனக்கும் வேண்டும். அட்டவணையைத் தூக்குங்கள். மாணவிகளே, அடுத்த தேர்வில் தலைவி சிவம் என்று எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம். அதன் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: அவளை யாரும் கேட்கவில்லை.